பழைய திறன்பேசியும் புதிய கருனியும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ஆயர் ஈத்தாமிலிருந்து கூலாய் நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் சிம்பாங் ரெங்கம். 'சிம்பாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சாலைகள் பிரியும் சந்தி என்பது பொருள். செம்பனையும் அன்னாசியும் விளையும் அவ்வட்டாரத்தாருக்குக் 'கெர்னல்' என்னும் ஆங்கிலச் சொல் புதியதன்று. செம்பனைப் பழத்தின் புறச் சதையைப் பிழிந்தால் ஓர் எண்ணெய் கிடைக்கும். சதைக்குள்ளே கடினமான ஓடு இருக்கும். அவ்வோட்டை உடைத்தால் உள்ளே வெண்ணிறப் பருப்பு. அதனின்று வேறோர் எண்ணெய் எடுப்பர். அந்தப் பருப்பையே எண்ணெய் ஆலையில் 'கெர்னல்' என்பர்.

கணிப்பொறி அறிஞரும் இச்சொற்களையே எடுத்தாண்டனர். பயன்படுத்துவோரின் கட்டளையை ஏற்கும் புறப்பகுதி 'ஷெல்', அதாவது ஓடு. அதற்குள் மறைந்திருந்து பொறியை நேரே ஆளும் மென்பொருள் 'கெர்னல்', அதாவது பருப்பு. தமிழில் இதனைக் 'கருனி' என வழங்குவர். திறன்பேசி ஒன்றை அதனை ஆக்கிய நிறுவனம் கைவிட்ட பின்னரும், ஆர்வலர் தாமே அதன் கருனியைத் திருத்தியும் புதுக்கியும் ஆயுளை நீட்டிவருகின்றனர். அப்பணி எங்ஙனம் நிகழ்கின்றது, அதனால் ஆவது எது, ஆகாதது எது என்பன ஆசிரியரும் மாணவரும் அறியத் தக்கவை.

பழுதில்லாக் கருவி பயனிழப்பது

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இணையத்தின் வழியே வீடுகளுக்கு வந்தன. அவ்வாண்டு கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் மின்னியல் கருவி எதுவுமே இல்லை எனத் தெரிந்தது. மடிக்கணினி உடையோர் 9 விழுக்காட்டினரே. திறன்பேசி உடையோர் 46 விழுக்காட்டினர். ஆகவே பல பிள்ளைகளுக்கு வகுப்பறை என்பது ஒரு கைப்பேசித் திரையாகவே சுருங்கியது.

எளிய குடும்பங்களில் பிள்ளையின் கைக்கு வரும் கைப்பேசி பெரும்பாலும் புதியதாக இராது. தந்தையோ அண்ணனோ பயன்படுத்தி ஒதுக்கியதாக இருக்கும். அதன் திரை எரியும், ஒலி கேட்கும், மின்கலம் சில மணி நேரம் தாங்கும். ஆயினும் தேவையான செயலியை நிறுவ முயன்றால், 'இக்கருவிக்கு இது பொருந்தாது' என்னும் அறிவிப்பு தோன்றும். கருவியில் பழுதில்லை, பயன் மட்டும் போயிற்று. இஃது ஏன் நேர்கின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை நோக்குதல் தகும்.

2012 மே மாதம் சாம்சங் நிறுவனம் 'கேலக்சி எஸ் 3' என்னும் திறன்பேசியை வெளியிட்டது. அதன் மையச் செயலகத்தில் நான்கு கருக்கள், வேகம் 1.4 கிகாஹெர்ட்சு, நினைவகம் 1 கிகாபைட்டு, மின்கலத்தைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். வெளியான ஐந்து மாதங்களில் மூன்று கோடிக் கருவிகள் விற்பனைக்குச் சென்றன என்று நிறுவனமே அறிவித்தது. ஆண்ட்ராய்டு 4.0 பதிப்புடன் பிறந்த அக்கருவி 4.3 பதிப்போடு நின்றது. 1 கிகாபைட்டு நினைவகம் போதாது என்று கூறி, 4.4 பதிப்பை அவ்வகைக்கு வழங்க இயலாதென 2014-ஆம் ஆண்டில் நிறுவனம் தெரிவித்தது. அதாவது இரண்டே ஆண்டுகளில் கருவி மூப்படைந்ததாகக் கருதப்பட்டது.

அதன் விளைவு உடனே தெரியவில்லை, படிப்படியாகத் தெரிந்தது. 4.1 முதல் 4.3 வரையான பதிப்புகளுக்குத் தன் அடிப்படைச் சேவைகளைப் புதுப்பிப்பதை கூகிள் நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் நிறுத்தியது. வாட்சப் செயலி, 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழ்ப்பட்ட கருவிகளில் இயங்காதென அறிவித்தது. வகுப்பு அறிவிப்புகளும் வீட்டுப் பாடங்களும் வாட்சப் குழுக்களின் வழியே வரும் காலத்தில், இஃது ஒரு மாணவனுக்குப் பள்ளிக் கதவு சாத்தப்பட்டது போன்றதே.

கருனியின் பணி யாது?

திறன்பேசிக்குள் மையச் செயலகம், நினைவகம், திரை, படக்கருவி, ஒலிபெருக்கி, கம்பியிலாத் தொடர்புப் பகுதி எனப் பல உறுப்புகள் உள்ளன. செயலிகள் இவற்றை நேரே தொடுவதில்லை. ஒரு செயலி படம் எடுக்க விரும்பினால் கருனியிடம் வேண்டும். கருனியே படக்கருவியை இயக்கும். ஆகவே கருனியின் பணி மூவகைப்படும். ஒன்று, பங்கிடுதல்: பல செயலிகள் ஒரே வேளையில் இயங்குங்கால் எதற்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம் என வரையறுத்தல். இரண்டு, காத்தல்: ஒரு செயலி மற்றொன்றின் பகுதிக்குள் நுழையாதபடி தடுத்தல். மூன்று, இடைநின்று உரைத்தல்: ஒவ்வோர் உறுப்பும் தனக்கே உரிய குறிமொழியில்தான் பேசும்; அம்மொழியை அறிந்து நடத்தும் பகுதிக்கு 'இயக்கி' என்று பெயர்.

கருனிக்கு மேலே ஆண்ட்ராய்டு என்னும் இயக்குதளம் இருக்கின்றது. தமிழ் எழுத்துகளைத் திரையில் வரைவது மேற்பகுதியின் வேலை. கருனியின் வேலை அன்று. முற்பட்ட ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தோன்றியதற்குக் காரணம் எழுத்துருவும் எழுத்தடுக்கும் முறையும் மேற்பகுதியில் இல்லாமையே. ஆயினும் மேற்பகுதியைப் புதுக்க வேண்டுமாயின் கீழே உள்ள கருனி அதற்கு இடங்கொடுத்தல் வேண்டும். 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0, ஒவ்வொரு செயலியையும் கடுமையான காவல் விதிகளுக்குள் அடக்கும் பாதுகாப்பு முறையை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அவ்விதிகளைச் செயற்படுத்த வேண்டியது கருனியே. பழைய கருனிக்கு அத்திறம் குறைவாயின், புதிய மாடியைப் பழைய அடித்தளம் தாங்காது. ஆகவே பழைய கருவியில் புதிய தமிழ் எழுத்துருவும் புதிய செயலியும் காண விரும்புவோர், முதலில் கருனியில்தான் கைவைக்க வேண்டியுள்ளது.

மூலநிரல் கிடைத்த வரலாறு

நிறுவனம் கைவிட்டதைப் பிறர் எடுத்துத் திருத்த இயல்வது எங்ஙனம்? இதற்கு விடை ஓர் உரிமப் பத்திரத்தில் உள்ளது.

1991 ஆகஸ்டு 25 அன்று, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஒரு புதிய இயக்குதளத்தை எழுதிவருவதாக அறிவித்தார். அதுவே லினக்ஸ் கருனி. 1992-ஆம் ஆண்டில் அவர் அதனை, அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த 'பொதுப் பொது உரிமம்' என்பதன்கீழ்க் கொணர்ந்தார். அதனைச் சுருக்கமாக ஜி.பி.எல். என்பர். அவ்வுரிமத்தின் சாரம் எளியது. இம்மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆனால் திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர், திருத்திய மூலநிரலையும் அதே உரிமையோடு வழங்கியாதல் வேண்டும். பெற்றதைப் பூட்டி வைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.

இது வெறும் நன்மொழியாக நின்றுவிடவில்லை. லினக்ஸ் கருனியின் ஒரு பகுதியை எழுதியோருள் ஒருவரான ஹரால்டு வெல்டே, உரிம விதியை மீறிய நிறுவனமொன்றின் மீது ஜெர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2004-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தடையாணை வழங்கியது.

ஆண்ட்ராய்டின் முதற் கைப்பேசி 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அதன் அடித்தளமாகக் கூகிள் நிறுவனம் லினக்ஸ் கருனியையே தேர்ந்தது. எனவே ஆண்ட்ராய்டுக் கைப்பேசியை விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தான் பயன்படுத்திய கருனியின் மூலநிரலை வெளியிடக் கடமைப்பட்டது. கேலக்சி எஸ் 3 கருவியின் கருனி நிரலையும் சாம்சங் வெளியிட்டது. ஆர்வலரின் பணிக்கு முதற்பொருள் அதுவே.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். கைப்பேசியில் உள்ள கருனி லினக்ஸ் மூலத்தின் நேர்ப்படி அன்று. மூலக் கருனியைக் கூகிள் எடுத்து ஆண்ட்ராய்டுக்கு ஏற்பத் திருத்தும். அதனைச் சில்லு செய்யும் நிறுவனம் எடுத்துத் தன் சில்லுக்கேற்பத் திருத்தும். அதன்பின் கைப்பேசி நிறுவனம் தன் திரை, படக்கருவி முதலியவற்றின் இயக்கிகளைச் சேர்க்கும். இவ்வாறு கை மாறி வரும்போது மூலத்துக்கும் படிக்கும் இடையே பல்லாயிரக்கணக்கான வரிகள் வேறுபட்டுவிடுகின்றன. மூலக் கருனியோ ஓயாது வளர்வது. தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளாய் இருந்த அது, இன்று மூன்று கோடி வரிகளுக்கு மேற்பட்டது. படியோ பிரிந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றது.

கருனியை ஆக்கும் முறை

ஆக்குவோர் முதலிற் செய்வது, நிறுவனம் வெளியிட்ட மூலநிரலை எவ்வகைத் திருத்தமும் இன்றி அப்படியே தொகுத்து, கருவியில் இயங்குகின்றதா எனப் பார்த்தல். 'தொகுத்தல்' என்பது மனிதர் படிக்கும் நிரலைப் பொறி படிக்கும் குறிகளாக மாற்றுதல். மேசைக் கணிப்பொறியின் செயலகமும் கைப்பேசியின் செயலகமும் வெவ்வேறு குறிமொழி உடையன. ஆதலின் ஒரு பொறியில் இருந்துகொண்டே வேறொரு பொறிக்குரிய குறிகளை ஆக்கித் தரும் தொகுப்பி வேண்டும். திருத்தம் இல்லாத நிரல் இயங்கிய பின்னரே திருத்தத் தொடங்குவர். அவ்வாறன்றி முதலிலேயே பலவற்றை மாற்றினால், பிழை தம்முடையதா நிறுவனத்துடையதா எனப் பிரித்தறிய இயலாது.

அடுத்து வருவது அமைவுக் கோப்பு. லினக்ஸ் கருனியில் ஆயிரக்கணக்கான உறுப்புப் பகுதிகள் உள்ளன. எது வேண்டும், எது வேண்டா என்பதை இக்கோப்பு வரியாக வரியாகக் குறிக்கும். 1 கிகாபைட்டு நினைவகமே உள்ள கருவியில் வேண்டாதவற்றைக் களைவது பெரும் பயன் தரும். நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்து இடம் பெருக்கும் முறையையும் இங்கே சேர்க்கலாம். மென்துணியை மடித்துப் பெட்டியில் அடுக்கினால் கூடுதலாகக் கொள்ளுமன்றோ? மடிக்கவும் விரிக்கவும் சிறிது நேரம் செல்லும், இடம் மிஞ்சும்.

தொகுத்த கருனியைக் கருவி தொடங்குங்கால் முதலில் எழும் சில கோப்புகளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிக் கருவிக்குள் எழுதுவர். அதற்குக் கருவியின் தொடக்க மென்பொருள் இசைய வேண்டும். சில நிறுவனங்கள் அதனைப் பூட்டி வைக்கின்றன. சில, உரியவர் கேட்டால் திறந்து தருகின்றன. பிற்காலத்துச் சாம்சங் கருவிகள் பலவற்றில், வேறு கருனி ஒருமுறை எழுதப்பட்டால் நிலையாக மாறிவிடும் மின்னடையாளம் ஒன்று உள்ளது. அதனைப் பழைய நிலைக்குத் திருப்ப இயலாது.

பிறகு சோதனை. கருவி தொடங்குகின்றதா என்பது அதன் தொடக்கமே. அழைப்பு கேட்கின்றதா, படக்கருவி திறக்கின்றதா, திரை அணைந்த பின் கருவி உண்மையில் உறங்குகின்றதா, இரவெல்லாம் வைத்திருந்தால் மின்கலம் எவ்வளவு இறங்குகின்றது என ஒவ்வொன்றாகப் பார்ப்பர். உறங்காத கருவியே பெருங்கேடு. பகலில் பிழையின்றித் தோன்றும், காலையில் மின்கலம் வறண்டிருக்கும். கருவி இயங்கும்போது கருனி எழுதிவைக்கும் நாட்குறிப்பைப் படித்து, எந்த இயக்கி விழித்திருந்தது எனக் கண்டறிவர்.

பாட பேதம் நோக்குதல்

புதுக்கும் பணி ஆக்கும் பணியினும் கடியது. தமிழாசிரியர்க்கு இதனை விளக்க ஒரு நல்ல ஒப்புமை உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது பல ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கினார். ஒரு மூலத்தினின்று பிரிந்த படிகள் காலப்போக்கில் வேறுபட்டிருந்தன. எச்சொல் மூலத்தது, எச்சொல் படியெடுத்தோர் சேர்த்தது என ஆராய்ந்து பாடங்கொள்ள வேண்டியிருந்தது. கருனியைப் புதுக்குவோர் செய்வதும் ஒருவகைப் பாட ஆராய்ச்சியே.

கேலக்சி எஸ் 3 கருவியின் நிறுவனக் கருனி 3.0.31 என்னும் பதிப்பில் நின்றது. மூலக் கருனியைப் பேணுவோரோ 3.0 வரிசைக்குப் பிழைதிருத்தங்களை 2013 அக்டோபர் வரை வெளியிட்டு, 3.0.101 என்னும் பதிப்போடு முடித்தனர். இடையில் 70 பதிப்புகள். ஆர்வலர் இவற்றை ஒவ்வொன்றாகத் தம் படியில் சேர்த்தனர். ஒரு திருத்தம் குறிப்பிடும் வரி, படியிலும் அப்படியே இருந்தால் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதே வரியை நிறுவனம் முன்னரே மாற்றியிருந்தால் முரண் எழும். அப்போது இரண்டு பாடங்களையும் படித்து, இரண்டின் நோக்கத்தையும் உணர்ந்து, இருவர் கருத்தும் சிதையாத மூன்றாம் பாடம் ஒன்றை எழுத வேண்டும். இவ்வொப்பீட்டுக்குப் பயன்படும் 'கிட்' என்னும் கருவியையும் டோர்வால்ட்ஸே 2005-இல் ஆக்கினார். எவர், எந்நாளில், எவ்வரியை, எக்காரணத்தால் மாற்றினார் என்பதை அது காத்து வைக்கும். சுவடி எழுதினோர் இத்தகைய குறிப்பை விட்டுச் சென்றிருப்பின் பதிப்பாசிரியரின் வேலை எத்துணை எளிதாயிருக்கும்!

3.0 வரிசை முடிந்த பின்னர் வெளிப்பட்ட குறைகளுக்கு மூலத்தார் திருத்தம் தரமாட்டார். புதிய வரிசைகளுக்கு எழுதிய திருத்தத்தைப் பழையதற்கேற்ப ஆர்வலரே மாற்றி எழுத வேண்டும். 2016 அக்டோபரில் வெளிப்பட்ட 'டர்ட்டி கௌ' என்னும் குறை இதற்குத் தக்க சான்று. பலர் பொதுவாகப் படிக்கும் ஒரு பக்கத்தில் எவரேனும் எழுத முனைந்தால், கருனி அவர்க்குத் தனிப் படி ஒன்று எடுத்துக் கொடுக்கும். மூலப் பக்கம் மாசுறாது. ஆனால் இருவேறு செயல்கள் மிக விரைவாக ஒன்றோடொன்று மோதினால், ஒரு நொடிப்பொழுதின் இடைவெளியில் எழுத்து மூலப் பக்கத்திலேயே விழுந்துவிடும் என்பது கண்டறியப்பட்டது. இதனால் எளிய செயலி ஒன்று கருவி முழுவதையும் தன் ஆட்சிக்குள் கொணர இயலும். இக்குறை 2007-ஆம் ஆண்டு முதலே கருனியில் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் மறைந்து கிடந்தது. நிறுவனம் கைவிட்ட கருவிகளில் அது திருத்தப்படாமலே கிடக்கும். ஆர்வலர் பேணிய கருனிகளிலோ திருத்தம் சேர்ந்தது.

மூலத்தைப் பின்பற்றினால் மட்டும் போதும் என்று கருதுவதும் தவறு. எஸ் 3 கருவிகளின் ஒரு பகுதி 2012 இறுதியில் திடீரென ஒரேயடியாக இயங்காமற் போயிற்று. சேமிப்புச் சில்லுக்குள் இருந்த சிறு மென்பொருளின் பிழையே காரணம். சாம்சங் அதற்கு மாற்று கண்டு, கருவி தொடங்கும் ஒவ்வொரு முறையும் கருனியே அப்பிழையைச் சரிசெய்யுமாறு சில வரிகளைச் சேர்த்தது. இவ்வரிகள் நிறுவனத்தின் படியில் உள்ளவை, மூலத்தில் இல்லாதவை. பொருள் விளங்கவில்லையே என்று இவற்றை நீக்கிவிட்டுக் கருனி ஆக்கினால், கருவி சில நாளில் மாண்டுபோகக்கூடும். பழைய பாடத்தில் புரியாத சொல்லைக் கண்டவுடன் பிழை என்று அடித்துவிடலாகாது என்பதைப் பதிப்பாசிரியர் அறிவர். கருனி திருத்துவோரும் அறிதல் வேண்டும்.

இருவேறு வழிகள்

பழைய கருவியைப் பேணுவோர் இரு வழிகளுள் ஒன்றைத் தேர்கின்றனர். முதல் வழி, நிறுவனத்தின் படியையே வைத்துக்கொண்டு திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டே போதல். 2009-இல் தோன்றிய சயனோஜன்மாட் என்னும் கூட்டுமுயற்சியும், அது 2016 இறுதியில் முடிவுற்றபோது அதனை ஏற்றுத் தொடர்ந்த லினியேஜ்ஓஎஸ் முயற்சியும் இவ்வழியின. சாம்சங் 4.3 பதிப்போடு நிறுத்திய எஸ் 3 கருவியில் லினியேஜ்ஓஎஸ் ஆர்வலர் ஆண்ட்ராய்டு 7.1 பதிப்பை ஓடச் செய்தனர். நினைவகம் போதாது என்ற காரணம் முற்றிலும் பொய்யன்று, வேகம் குறைந்தது. ஆயினும் கருவி பயன்பட்டது. இவ்வழியில் உறுப்புகள் பெரும்பாலும் இயங்கும், கருனியோ 3.0 வரிசையிலேயே நிற்கும். வயது முதிர்ந்த மரத்துக்கு முட்டுக்கொடுப்பது போன்றது இது.

இரண்டாம் வழி, நிறுவனப் படியை விட்டுவிட்டு, கருவிக்குரிய விவரங்களை மூலக் கருனியிலேயே சேர்த்துவிடுதல். 2018-ஆம் ஆண்டில் எஸ் 3 கருவியின் உறுப்பு விவரம் லினக்ஸ் மூலத்திலேயே இடம்பெற்றது. அதன் படவரைவுச் சில்லுக்கு நிறுவனம் திறந்த நிரல் தரவில்லை. ஆர்வலர் சில்லின் செயலைப் புறத்தே நின்று நோக்கி நோக்கி உள்ளியல்பை உணர்ந்து 'லிமா' என்னும் இயக்கியை எழுதினர். 2019-இல் அது மூலக் கருனியின் 5.2 பதிப்பில் சேர்ந்தது. இவ்வழியில் ஒருமுறை இடம்பெற்ற கருவி, மூலம் வளர வளரத் தானும் வளரும். பிழைதிருத்தம் தானே வந்து சேரும். ஆயின் படக்கருவி, அழைப்பு முதலியவற்றுக்கு இயக்கி எழுதப்படும்வரை அவை ஊமையாய் இருக்கும். 2017-இல் அறிவிக்கப்பட்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்னும் முயற்சி இவ்வழியில் நடைபோடுகின்றது. கைப்பேசிக்குப் பத்தாண்டு ஆயுள் என்பதை அது குறிக்கோளாகக் கொண்டது.

முதல் வழி இன்றைய தேவையை நிறைவு செய்யும். இரண்டாம் வழி நாளைய ஆயுளை உறுதி செய்யும். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது எனல் பொருந்தாது.

கருனியால் ஆகாதவை

இம்முயற்சியின் எல்லையையும் சொல்லாவிடின் விளக்கம் முழுமை பெறாது. மலேசியாவில் 3ஜி அலைவரிசைச் சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. இங்கே குறித்த எஸ் 3 வகை 3ஜி வரையே அறியும். 4ஜி வகை தனியே விற்கப்பட்டது. ஆகவே சிம்பாங் ரெங்கத்தில் ஒருவர் அக்கருவிக்கு எவ்வளவு சிறந்த கருனியை ஆக்கி வைத்தாலும், சாலையில் நின்று விரைவான இணையம் காண இயலாது. 3ஜி நின்றபோது எஞ்சிய 2ஜி பேசுவதற்கு உதவும். வீட்டிலோ பள்ளியிலோ வைஃபை இருந்தால் படிப்பதற்கு உதவும். வானொலிப் பகுதிக்கு இல்லாத உறுப்பை மென்பொருள் தர முடியாது.

பாதுகாப்பிலும் ஐயம் உண்டு. தொடக்கப் பூட்டைத் திறந்த கருவி, திருடன் கையில் அகப்பட்டால் எளிதில் வசப்படும். வங்கிச் செயலிகள் பல, பூட்டுத் திறந்த கருவியில் இயங்க மறுக்கின்றன. அறியாதவர் ஆக்கிய கருனியை நிறுவுதல், அறியாதவர்க்கு வீட்டுச் சாவியைக் கொடுத்தலை ஒக்கும். மூலநிரல் வெளியிடப்பட்டுள்ளதா, ஆக்கியோர் திருத்த வரலாற்றைக் காட்டுகின்றனரா எனப் பார்த்த பின்னரே ஏற்றல் நன்று. பணப் பரிமாற்றத்துக்கு அத்தகைய கருவியைப் பயன்படுத்தாமல், வாசிப்புக்கும் பாடத்துக்கும் ஒதுக்கிவைத்தலே அறிவுடைமை.

ஆனால் நிறுவனத்தின் கருனியே பாதுகாப்பானது என்று எண்ணுவதும் பொருந்தாது. எஸ் 3 உள்ளிட்ட சில கருவிகளின் நிறுவனக் கருனியில், எச்செயலியும் நினைவகம் முழுவதையும் படிக்கவும் எழுதவும் இடந்தரும் திறந்த வாயில் ஒன்று இருந்தது. அதனை 2012 டிசம்பரில் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் ஆர்வலர் ஒருவரே. சாம்சங் பின்னர் அதனை அடைத்தது. நிரல் பலர் கண்ணுக்குத் தெரிந்தமையால் குறையும் தெரிந்தது.

காலம் கொணரும் மாற்றம்

கருனி கைவிடப்படும் தீமையைப் பெருநிறுவனங்களும் உணர்ந்துள்ளன. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0, இயக்குதளத்தையும் சில்லுக்குரிய பகுதியையும் பிரித்து வைத்தது. பின்னர் கருனியின் பொதுப் பகுதியைக் கூகிளே வழங்க, சில்லுக்குரியவற்றைத் தனித்தனித் துண்டுகளாகச் சேர்க்கும் முறையும் வந்தது. 2023-இல் கூகிளும் 2024 தொடக்கத்தில் சாம்சங்கும் தம் உயர்வகைக் கைப்பேசிகளுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு உறுதி தந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் நடப்புக்குக் கொணர்ந்த விதி, விற்பனை நின்ற பின்னும் ஐந்தாண்டேனும் இயக்குதளப் புதுப்பிப்பு வழங்கப்படல் வேண்டும் என்கின்றது.

எனினும் இவ்வுறுதிகள் புதிய கருவிகளுக்கே. ஏற்கெனவே விற்கப்பட்டு இழுப்பறையில் உறங்கும் கோடிக்கணக்கான கருவிகளுக்கு எவ்வுறுதியும் இல்லை. மூலக் கருனியைப் பேணுவோரும் களைத்துள்ளனர். 2017-இல் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஆறாண்டுப் பேணல் என்று வகுத்தவர்கள், 2023-இல் அதனை இரண்டாண்டாகக் குறைக்க முடிவு செய்தனர்; பேணுவோர் சிலர், சுமையோ பெரிது என்பது அதற்கு ஒரு காரணம்.

இங்கேதான் கருத்து நிற்க வேண்டும். கருனியைத் திருத்தும் உரிமையை உரிமப் பத்திரம் எல்லார்க்கும் தந்துவிட்டது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் ஆற்றலோ கற்றவர்க்கே உண்டு. ஏட்டை வீட்டில் வைத்திருந்தோர் பலர். அதனைப் படிக்கவும் படியெடுக்கவும் வல்லார் அருகியபோதே ஏடுகள் செல்லுக்கு இரையாயின. பழைய கைப்பேசியின் நிலையும் அதுவே. ஒரு பள்ளியில் பயனற்றுக் கிடக்கும் பழைய கருவி ஒன்றையும் சாதாரணக் கணிப்பொறி ஒன்றையும் வைத்துக்கொண்டு, மேல்வகுப்பு மாணவர் கருனி ஒன்றைத் தொகுத்துப் பார்க்கலாம். பிழைபட்டால் இழப்பது முன்னரே ஒதுக்கப்பட்ட கருவியை மட்டுமே. பெறுவதோ, பொறியின் உள்ளீட்டை அச்சமின்றித் திறந்து பார்க்கும் கல்வி. ஓட்டை உடைத்தவர்க்கே பருப்பு.